இலவச ஆப்புக்குப் படியளப்பது யார்? 'உங்கள் தகவலை விற்பதில்லை' என்பது எந்த அளவு உண்மை?

கம்பிவேலி:

ஒரு தினசரி நாள்காட்டி ஆப் என்று வைத்துக்கொள்வோம். நல்ல நேரம், ராகு காலம், ராசிபலன் எல்லாம் காட்டும். காசு கேட்பதில்லை. கீழே ஒரு விளம்பரப் பட்டை, நடுநடுவே முழுத்திரை விளம்பரம், அவ்வளவுதான். பிளே ஸ்டோரில் அதன் 'டேட்டா சேஃப்டி' பகுதியைத் திறந்தால் இருப்பிடம், டிவைஸ் ஐடி, ஆப்புக்குள் என்ன செய்கிறோம் என்ற விவரம் மூன்றும் விளம்பரத்துக்காகப் பிறருடன் பகிரப்படும் என்று போட்டிருக்கிறது. அதே ஆப்பின் தனியுரிமைக் கொள்கையில் 'பயனர் தகவலை நாங்கள் யாருக்கும் விற்பதில்லை' என்று ஒரு வரி.

இதில் எதை நம்புவது? 'காசு கொடுக்காவிட்டால் நீங்கள்தான் சரக்கு' என்ற தேய்ந்த பதில் வேண்டாம். எது யார் கைக்குப் போகிறது, யார் யாருக்குப் பணம் தருகிறார்கள், எந்தக் கண்ணியை வெட்டினால் உண்மையிலேயே பலன் இருக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

தறிநாடா:

இரண்டையும் நம்பலாம். இந்த மாதிரி ஆப்களில் பெரும்பாலானவை உங்கள் தகவலை ஒரு கோப்பாகக் கட்டி யாருக்கும் விலைக்குக் கொடுப்பதில்லை. அவை விற்பது அந்த விளம்பரப் பட்டை இருக்கும் இடத்தை. அந்த இடம் என்ன விலைக்குப் போகும் என்பது பார்க்கப்போகிறவர் யார் என்பதைப் பொறுத்தது. அதனால் இடத்தை விற்கும்போது உங்களைப் பற்றிய விவரமும் கூடவே வெளியே போய்விடுகிறது. 'டேட்டா சேஃப்டி' பகுதியும் ஆப் செய்தவர் தானே எழுதிக்கொடுப்பதுதான். அதில் 'பகிர்கிறோம்' என்று ஒப்புக்கொண்டவரை ஒருவகையில் நேர்மையானவர் என்றே சொல்லலாம்.

நடப்பது இதுதான். ஆப்பைத் திறந்ததும் அதற்குள் இருக்கும் விளம்பர எஸ்டிகே வேலையை ஆரம்பிக்கிறது. இது ஆப் எழுதியவர் எழுதியதல்ல. ஆட்மாப் போன்ற விளம்பர நிறுவனம் தரும் ஆயத்த நிரல். அது விளம்பரச் சந்தைக்கு ஒரு கோரிக்கை அனுப்பும். ஓப்பன்ஆர்டிபி என்ற பொது வடிவத்தில்தான் பெரும்பாலும் இந்தக் கோரிக்கைகள் சுற்றுகின்றன. ஆப்பின் பெயர், போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, மொழி, எந்த நெட்வொர்க், ஐபி முகவரி, இருப்பிட அனுமதி கொடுத்திருந்தால் அட்சரேகை தீர்க்கரேகை, கூடவே விளம்பர ஐடி, அதாவது விளம்பரத்துக்காகவே போனுக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் அடையாள எண். இத்தனைக்கும் அந்த வடிவத்தில் இடம் இருக்கிறது. அட்சரேகையில் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், அதாவது எந்த வீடு என்று தெரிந்துவிடும். இரண்டு இலக்கத்தோடு நறுக்கினால் ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டம். நறுக்குவதும் நறுக்காததும் எஸ்டிகேயின் கையில்.

இந்தக் கோரிக்கையைச் சந்தை ஒரே நேரத்தில் பல டிஎஸ்பிகளுக்கு அனுப்புகிறது. விளம்பரதாரர் சார்பாக ஏலம் கேட்கும் நிறுவனங்கள்தான் டிஎஸ்பி. பதில் சொல்ல அவர்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 100 மில்லிவினாடி. அதற்குள் அந்த விளம்பர ஐடியைத் தங்கள் பட்டியலில் தேடுகிறார்கள். போன வாரம் வீட்டுக்கடன் கணக்குப் பார்த்த ஐடி, மாப்பிள்ளை தேடும் தளத்துக்குப் போன ஐடி என்று ஏதாவது குறிப்பு இருந்தால் விலை ஏறும். குறிப்பு எதுவும் இல்லையென்றால் அடிமாட்டு விலை. வென்றவரின் விளம்பரம் திரைக்கு வரும்.

மீன் ஏலத்தில் கூடையை ஒருவர்தான் தூக்கிக்கொண்டு போவார். ஆனால் கூடையில் என்ன மீன், எத்தனை கிலோ என்று சுற்றி நின்ற அத்தனை பேரும் பார்த்திருப்பார்கள். இங்கேயும் தோற்ற டிஎஸ்பிகளின் கைக்குக் கோரிக்கை முழுவதும் வந்துசேர்ந்துவிட்டது. சேமித்து வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும். வெளியிலிருந்து அதைச் சரிபார்க்க வழியில்லை. அயர்லாந்தின் குடியுரிமை அமைப்பான ஐரிஷ் சிவில் லிபர்டீஸ் கவுன்சில் 2022இல் போட்ட கணக்கின்படி, அமெரிக்காவில் ஒருவரின் விவரம் சராசரியாக ஒரு நாளில் 747 முறையும் ஐரோப்பாவில் 376 முறையும் இப்படி ஏலத்துக்குப் போகிறது.

பணம் என்று பார்த்தால், ஆயிரம் முறை விளம்பரம் காட்ட 20 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்தால் ஒரு முறைக்கு 2 பைசா. அதுவும் முழுதாக ஆப்காரருக்குப் போகாது. பிரிட்டனில் விளம்பரதாரர்கள் சங்கமான ஐஎஸ்பிஏ, பிடபிள்யூசி நிறுவனத்தோடு சேர்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், விளம்பரதாரர் போட்ட பணத்தில் 51% தான் வெளியீட்டாளர் (விளம்பரம் காட்டும் தளக்காரர்) கைக்குப் போய்ச் சேர்ந்தது. 15% எங்கே போனது என்று ஆய்வு செய்தவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. கூகுளின் ஏலச்சந்தை மட்டும் 20% எடுக்கிறது. அந்தச் சந்தையையும் வெளியீட்டாளர் பக்கத்து மென்பொருளையும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகமாக வைத்திருக்கிறது என்று வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது.

வெட்டவேண்டிய கண்ணி எது என்றால், விளம்பர ஐடி. அது இருக்கும்வரை நாள்காட்டி ஆப்பில் பார்த்தவரும் வீட்டுக்கடன் தளத்தில் பார்த்தவரும் ஒரே ஆள் என்று கோர்த்துவிடலாம்.

நிழல்கோடு:

தறிநாடா சொன்ன ஏல விவரம் சரி. ஆனால் 'கோப்பாகக் கட்டி விற்பதில்லை' என்பதை அப்படியே பொதுவிதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கோப்பாகவே விற்றவர்கள் இருக்கிறார்கள்.

அவாஸ்ட். இலவச ஆன்டிவைரஸ். 'உங்களைப் பின்தொடர்பவர்களிடமிருந்து காப்போம்' என்பதுதான் விளம்பரமே. அந்த மென்பொருளும் பிரவுசர் எக்ஸ்டென்ஷனும் சேர்த்த உலாவல் வரலாற்றை, ஜம்ப்ஷாட் என்ற துணை நிறுவனம் வழியாக 2014 முதல் 2020 ஜனவரி வரை விற்றார்கள். பெயர் நீக்கியாயிற்று என்றார்கள். ஆனால் ஒவ்வொரு பிரவுசருக்கும் ஒரு தனி அடையாள எண் கூடவே போனது. தேடல், பார்த்த பக்கம், நேரம் எல்லாம் அதோடு சேர்ந்து வந்தால் ஆளைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. அமெரிக்காவின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிசி 2024இல் 1.65 கோடி டாலர் கட்டவைத்து, உலாவல் தகவலை விளம்பரத்துக்கு விற்கவும் தடை போட்டது.

இருப்பிடத் தகவலில் எக்ஸ்-மோட். ஆப்காரருக்கு மாதாமாதம் காசு கொடுத்துத் தங்கள் எஸ்டிகேயை உள்ளே வைக்கச் சொல்லும் தொழில். விளம்பரமே காட்டாத ஆப்பிலும் இது உட்கார்ந்திருக்கலாம் என்பதுதான் வில்லங்கம். தொழுகை நேரம் காட்டும் பிரபலமான ஆப் ஒன்றிலும் இருந்தது என்பதும், அந்தத் தகவல் அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்கள் வரை போனது என்பதும் 2020இல் வெளியே வந்தது. 2024 ஜனவரியில் எஃப்டிசி இதன்மேலும் நடவடிக்கை எடுத்தது.

மூன்றாவது வகை இன்னும் நுணுக்கமானது. இங்கே விற்பனையே இல்லை. ஃப்ளோ என்ற மாதவிடாய்க் கணக்கு ஆப்பில் பேஸ்புக், கூகுள் ஆகியவற்றின் அளவீட்டு எஸ்டிகேக்கள் இருந்தன. ஆப்பில் பயனர் என்ன செய்தாலும் 'நிகழ்வு' என்று ஒரு பெயரோடு அது போகும். கர்ப்பத்தின் எத்தனையாவது வாரம் என்று தேர்ந்தெடுத்தால் போகும் நிகழ்வின் பெயரிலேயே 'ப்ரெக்னன்சி வீக் சோசன்' என்று இருந்தது. பெயரைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும். ஆப்காரருக்கு இலவசமாகப் புள்ளிவிவரம் கிடைத்தது, எதிர்முனைக்கு இந்தச் செய்தி கிடைத்தது. காசு கைமாறவே இல்லை. 2021இல் எஃப்டிசியோடு சமரசம் ஆனார்கள். ஆகவே 'விற்பதில்லை' என்ற வரியைப் படிப்பதைவிட ஆப்புக்குள் எந்தெந்த எஸ்டிகே இருக்கிறது என்று பார்ப்பது மேல். எக்ஸோடஸ் பிரைவசி தளத்தில் ஆப்பின் பெயரைக் கொடுத்தால் உள்ளே இருக்கும் டிராக்கர்களின் (பின்தொடரும் நிரல்களின்) பட்டியல் வரும். பட்டியலில் இருப்பதெல்லாம் எப்போதும் இயங்குகிறது என்று அர்த்தமில்லை. நிரலில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

கம்பிவேலி:

இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு. ஒன்று, ஒரு ஆளால் இவர்களுக்கு வரும்படி எவ்வளவு? இரண்டு, துணிக்கடையில் பில் போடும்போது 'நம்பர் சொல்லுங்க' என்கிறார்கள். இரண்டு நாளில் அதே கடையின் விளம்பரம் பேஸ்புக்கில் வந்து நிற்கிறது என்று பலர் சொல்கிறார்கள். கடைக்குள் எந்த ஆப்பையும் திறக்கவில்லை, விளம்பர ஐடி எங்கிருந்து வந்தது? மைக்கில் ஒட்டுக்கேட்கிறார்கள் என்பது கட்டுக்கதையா?

தறிநாடா:

வரும்படியை பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவே வெளியிட்டிருக்கிறது. 2023இன் கடைசிக் காலாண்டில் பேஸ்புக் பயனர் ஒருவரால் வந்த வருமானம்: அமெரிக்கா, கனடாவில் 68.44 டாலர், ஐரோப்பாவில் 23.14, ஆசிய பசிபிக்கில் 5.52. பண்டிகைக் காலாண்டு என்பதால் மற்ற மூன்றையும்விட இது சற்று அதிகம். அன்றைய மதிப்பில் நம் பக்கத்துத் தலைக்கு மூன்று மாதத்துக்குச் சுமார் 460 ரூபாய். நம் தகவல் மட்டமானது என்பதால் அல்ல இந்த வித்தியாசம். நம்மிடம் விற்க நினைப்பவர் கொடுக்கத் தயாராக இருக்கும் விலை குறைவு. மெட்டாவின் 2023 மொத்த வருமானத்தில் விளம்பரம் கிட்டத்தட்ட 98%. கூகுளின் தாய் நிறுவனமான ஆல்பபெட்டில் 77% அளவு.

'விளம்பரமே வேண்டாம், காசு கட்டுகிறேன்' என்பவருக்கு என்ன விலை என்றும் ஐரோப்பாவில் தெரிந்துவிட்டது. 2023 நவம்பரில் மெட்டா மாதம் 9.99 யூரோ கேட்டது, போன் ஆப் வழியாகக் கட்டினால் 12.99. ஒரு வருடத்தில் அதை 5.99, 7.99 என்று இறக்கியது. 'காசு கொடு அல்லது சம்மதம் கொடு' என்று நிறுத்துவது செல்லாது என்று ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் 20 கோடி யூரோ அபராதம் போட்டது.

துணிக்கடை விஷயம் விளம்பர ஐடி வழியாக நடப்பதில்லை. அங்கே கண்ணி உங்கள் மொபைல் எண். கடையின் பில்லிங் மென்பொருளில் எண், வாங்கிய தேதி, தொகை எல்லாம் சேர்கிறது. அவ்வப்போது அந்தப் பட்டியலை ஒரு சிஎஸ்வி கோப்பாக எடுத்து மெட்டாவின் 'கஸ்டம் ஆடியன்ஸ்' பகுதியில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது ஒவ்வொரு எண்ணும் எஸ்எச்ஏ-256 முறையில் ஹேஷ் ஆகும், அதாவது நேராகத் திருப்ப முடியாத ஒரு நீண்ட குறியீடாக மாறும். மெட்டா தன்னிடம் இருக்கும் பயனர் எண்களையும் அதே முறையில் ஹேஷ் செய்து ஒப்பிடும். பொருந்தியவர்களுக்கு விளம்பரம் போகும். 'இவர்களைப் போன்றவர்களையும் பிடித்துக் கொடு' என்றால் அதற்கு 'லுக்அலைக்' என்று தனி வசதி. கடையை எட்டிப்பார்க்காதவருக்கும் விளம்பரம் வருவது இதனால்தான்.

ஹேஷ் செய்வதால் எண் பத்திரம் என்பார்கள். இந்திய மொபைல் எண் 10 இலக்கம், 6 முதல் 9 வரை ஏதாவது ஒன்றில் ஆரம்பிக்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான் சாத்தியம். ஒரு நல்ல கேமிங் கிராபிக்ஸ் கார்டு வினாடிக்கு நூறு கோடிக்கும் மேல் எஸ்எச்ஏ-256 கணக்கிடும். அத்தனை எண்ணுக்கும் ஹேஷ் போட்டு அட்டவணை தயாரிக்க ஒரு டீ குடிக்கும் நேரம் கூட வேண்டாம். மெட்டாவுக்கு அந்தச் சிரமமும் இல்லை, எண்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன.

எண் கொடுத்தே ஆகவேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதம் அறிவுறுத்தியிருக்கிறது. 'நம்பர் வேண்டாங்க, பில் மட்டும் குடுங்க' என்றால் போதும். சிஸ்டம் எண் கேட்கிறது என்றால் கடை எண்ணையே போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

மைக்: நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் 2018இல் 17,260 ஆண்ட்ராய்டு ஆப்களைச் சோதித்தார்கள். ரகசியமாக மைக்கைத் திறந்து ஒலி அனுப்பிய ஆப் ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் சில ஆப்கள் தங்கள் திரையில் நடப்பதைப் படமாகவும் வீடியோவாகவும் பிடித்து வேறு நிறுவனத்துக்கு அனுப்பியது சிக்கியது. பேசிக்கொண்டதெல்லாம் விளம்பரமாக வருவதற்கு வேறு விளக்கம் போதும்: பேசியவர்களில் ஒருவர் அதைத் தேடியிருப்பார், இருவரும் ஒரே வைஃபையில், ஒரே ஐபியில் இருந்திருப்பார்கள்.

வைகைமணல்:

பேச்சு போதும், செட்டிங்ஸுக்கு வருவோம். பலன் அதிகம், தொல்லை குறைவு என்ற வரிசையில்.

முதலில் விளம்பர ஐடி. ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ், கூகுள், ஆட்ஸ், 'டெலிட் அட்வர்டைசிங் ஐடி'. மாடலுக்கு மாடல் பாதை மாறும். செட்டிங்ஸ் தேடல் பெட்டியில் 'ஆட்ஸ்' என்று தட்டுவது சுலபம். 'ரீசெட்' வேண்டாம், அது பழைய எண்ணுக்குப் பதில் புது எண் கொடுக்கும், நாலு நாளில் அதைச் சுற்றியும் குறிப்பு சேர்ந்துவிடும். 'டெலிட்' கொடுத்தால் கேட்கிற ஆப்புக்கெல்லாம் வெறும் பூஜ்ஜியங்கள் போகும். 'டெலிட்' வரியே காணோம் என்றால் கூகுள் பிளே சர்வீசஸைப் புதுப்பித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். ஐபோனில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, டிராக்கிங், 'அலோ ஆப்ஸ் டு ரெக்வெஸ்ட் டு டிராக்' என்பதை அணையுங்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள் இதைக் கொண்டுவந்த பிறகு, 2022இல் மட்டும் ஆயிரம் கோடி டாலர் அளவு அடி விழும் என்று மெட்டாவே சொன்னது. ஒரு சுவிட்ச்சுக்கு இவ்வளவு மதிப்பு!

ரெட்மி, ஷாவ்மி போன் என்றால் கூடுதலாக 'எம்எஸ்ஏ' என்று ஒரு சிஸ்டம் ஆப் விளம்பரத்தை இறக்கும். பாஸ்வேர்ட்ஸ் அண்ட் செக்யூரிட்டி, ஆத்தரைசேஷன் அண்ட் ரெவக்கேஷன் போய் அதை அணைக்கவேண்டும். 10 வினாடி எண்ணிவிட்டுத்தான் 'ரிவோக்' பட்டன் திறக்கும். அமுக்கினால் 'முடியவில்லை' என்று திருப்பி அனுப்பும். நெட் இருக்கவேண்டும், விடாமல் நாலைந்து தடவை அமுக்கினால் ஏற்றுக்கொள்ளும்.

இரண்டாவது, இருப்பிடம். ஆண்ட்ராய்டு 12 முதல் 'துல்லியம்', 'தோராயம்' என்று இரண்டு தேர்வு வரும். தோராயம் என்றால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்பு. பஞ்சாங்க ஆப் இருப்பிடம் கேட்பதில் நியாயம் உண்டு, ராகு காலம் சூரிய உதயத்தை வைத்துக் கணிப்பது. ஆனால் தீர்க்கரேகை ஒரு பாகை மாறினால்தான் உதயம் 4 நிமிடம் மாறும். சென்னைக்கும் கோவைக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 13 நிமிடம். மூன்று கிலோமீட்டரில் ராகு காலம் வினாடிக் கணக்கில்தான் நகரும். ஊரைக் கையால் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் அனுமதியே தேவையில்லை.

தொடர்புப் பட்டியல், எஸ்எம்எஸ் அனுமதிகளைக் கேட்டதும் கொடுக்காதீர்கள். கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலை எடுத்து உறவினர்களை மிரட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி அதைத் தடுத்தது. 2023 மே 31 முதல் கூகுள் பிளேயும் தனிநபர் கடன் ஆப்கள் தொடர்பு, படங்களைத் தொடக் கூடாது என்றது. பிளே ஸ்டோருக்கு வெளியே ஏபிகே கோப்பாக வருபவைக்கு இந்தத் தடை ஒன்றும் ஒட்டாது.

அடுத்து கூகுள் கணக்கு. டேட்டா அண்ட் பிரைவசி பகுதியில் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'. முழுதாக அணைத்தால் மேப்ஸில் பழைய தேடல்கள் வராது, அசிஸ்டன்ட் தடுமாறும். அது வேண்டாம் என்பவர்கள் தானாக அழிப்பதை 3 மாதத்துக்கு வைக்கலாம். புதுக் கணக்குக்கு 18 மாதம் என்று அவர்களே வைத்திருப்பார்கள். லொக்கேஷன் ஹிஸ்டரியை அணைத்தவுடன் இருப்பிடம் சேமிப்பது நின்றுவிட்டது என்று நினைத்தவர்கள் ஏமாந்தது இந்த 'வெப் அண்ட் ஆப்' சுவிட்ச்சால்தான். அது தனியாகச் சேமித்துக்கொண்டே இருந்தது. அந்த விவகாரத்தில் 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களுக்குக் கூகுள் 39.15 கோடி டாலர் கட்டியது.

பேஸ்புக்கில் அக்கவுன்ட்ஸ் சென்டர், 'யுவர் இன்ஃபர்மேஷன் அண்ட் பெர்மிஷன்ஸ்', 'யுவர் ஆக்டிவிட்டி ஆஃப் மெட்டா டெக்னாலஜிஸ்'. உள்ளே போனால் எந்தெந்தத் தளமும் ஆப்பும் உங்களைப் பற்றி மெட்டாவுக்குச் சொல்லியிருக்கின்றன என்ற பட்டியல் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் உட்கார்ந்துகொண்டு பாருங்கள். பழையதை அழித்து, இனி வருவதையும் 'டிஸ்கனெக்ட்' செய்யுங்கள். இதில் இரண்டு சிக்கல். ஒன்று, 'லாகின் வித் பேஸ்புக்' போட்ட தளங்களிலிருந்து வெளியேற்றிவிடும். முன்கூட்டியே அங்கெல்லாம் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, தளங்கள் அனுப்புவது நிற்காது, உங்கள் கணக்கோடு கோர்ப்பதுதான் நிற்கும். அதே அக்கவுன்ட்ஸ் சென்டரில் விளம்பர விருப்பங்கள் பகுதியில் 'ஆடியன்ஸ் பேஸ்டு அட்வர்டைசிங்' என்று ஒன்று உண்டு. உங்களைத் தங்கள் பட்டியலில் சேர்த்த விளம்பரதாரர்களை அங்கே காணலாம். துணிக்கடைகள் அங்கே தலைகாட்டும்.

நிழல்கோடு:

வைகைமணல் விட்டது ஒன்று: பிரைவேட் டிஎன்எஸ் (தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று தேடித் தரும் சேவைதான் டிஎன்எஸ்). ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது. நெட்வொர்க் செட்டிங்ஸில் பிரைவேட் டிஎன்எஸ் போய் ஆட்கார்ட் நிறுவனத்தின் இலவச டிஎன்எஸ் பெயரை இட்டால் ஆப்களுக்குள் வரும் விளம்பர, டிராக்கர் முகவரிகளில் பெரும்பகுதி திறக்கவே திறக்காது. ஆனால் யூடியூப், பேஸ்புக் விளம்பரத்துக்கு இது வேலை செய்யாது. விளம்பரமும் உள்ளடக்கமும் ஒரே முகவரியிலிருந்து வருவதால் பிரிக்க முடியாது. ரயில்வே ஸ்டேஷன், ஓட்டல் வைஃபையில் ஓடிபி கேட்கும் பக்கம் வரவில்லை என்றால் டிஎன்எஸ்ஸைத் தற்காலிகமாக 'ஆட்டோமேட்டிக்' ஆக்கவும். டிஎன்எஸ் சேவை நடத்துபவருக்கு நீங்கள் போகும் முகவரிகள் தெரியும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரிடமிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது நம்பிக்கை, அவ்வளவே.

டக்டக்கோ ஆப்பின் டிராக்கர் தடுப்பு இதே வேலையை ஆப் வாரியாகச் செய்து, யார் எத்தனை முறை முயன்றார்கள் என்று கணக்கும் காட்டும். அது விபிஎன் இடத்தை எடுத்துக்கொள்வதால் வேறு விபிஎன்னைக் கூட ஓட்ட முடியாது, சில வங்கி ஆப்கள் முரண்டு பிடிக்கும்.

பிரவுசரில் பயர்பாக்ஸும், விளம்பரத்தைத் தடுக்கும் எக்ஸ்டென்ஷனான யுபிளாக் ஆரிஜினும். போன் பயர்பாக்ஸிலும் ஓடும். குரோமில் புது எக்ஸ்டென்ஷன் விதிகளால் அதன் முழு வடிவம் போய்விட்டது. மூன்றாம் தரப்பு குக்கியை (நாம் பார்க்கும் தளம் அல்லாத வேறு நிறுவனம் பிரவுசரில் வைக்கும் அடையாளக் குறிப்பை) நிறுத்தப்போகிறோம் என்று வருடக்கணக்கில் சொல்லிவந்த கூகுள் 2024 ஜூலையில் கைவிட்டது. சஃபாரி 2020லேயே முழுதாகத் தடுத்துவிட்டது.

இலவச விபிஎன் மட்டும் வேண்டாம். ஓனாவோ என்ற விபிஎன்னை பேஸ்புக் 2013இல் வாங்கி, மக்கள் வேறு எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று அதன் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

யாழ்தென்றல்:

பயனுள்ள இழை. வாட்ஸ்அப்பில் விளம்பரமே இல்லாமல் இத்தனை வருசம் ஓட்டினார்களே, அதில என்ன வருமானம்? செய்தியைப் படிக்கேலாது எண்டுதானே சொல்லுகினம். மற்றது, இலங்கையில 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. இந்தியாவில எந்த நிலை?

தறிநாடா:

செய்தியின் உள்ளடக்கம் 2016 முதல் முழுக்க மறைகுறியாக்கப்பட்டது, அது உண்மை. யாரோடு, எப்போது, எவ்வளவு அடிக்கடி, எந்தப் போனில், எந்த ஐபியிலிருந்து என்பது மறைகுறியில் வராது. வருமானம் முக்கியமாக வணிகர்களிடமிருந்து. வங்கியும் கூரியரும் அனுப்பும் செய்திகளுக்குக் கட்டணம் உண்டு. 2025 ஜூலை முதல் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கு. பேஸ்புக் விளம்பரத்தை அமுக்கினால் நேரே கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்குப் போகும் வகை இன்னொரு பெரிய வரவு. 2025 ஜூனில் 'அப்டேட்ஸ்' பகுதியில் விளம்பரமும் அறிவித்தாயிற்று. வணிகக் கணக்கோடு பேசும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை: அந்த நிறுவனம் தன் செய்திகளைக் கையாள மெட்டாவின் சேவையையே அமர்த்தியிருக்கலாம். அரட்டையின் தலைப்பில் உள்ள பெயரைத் தட்டினால் அந்த விவரம் வரும். 2021 கொள்கை மாற்றத்தில் 'ஒப்புக்கொள் அல்லது வெளியேறு' என்று நிறுத்தியதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மெட்டா மேல்முறையீட்டுக்குப் போனது.

சட்டநிலை: டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, விதிகள் 2025 நவம்பரில். ஆனால் பெரும்பாலான கடமைகள் விதிகள் வந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வரும். அதில் நமக்கு உபயோகமானவை: சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்கும் வசதி கொடுக்கவேண்டும் (எட்டாம் அட்டவணை மொழிகள் 22க்கும் இது உண்டு), சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்கவேண்டும், 18 வயதுக்குக் குறைந்தவர்களைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது. அபராதம் 250 கோடி வரை. அந்தப் பணம் அரசு கஜானாவுக்குப் போகும், தகவல் பறிபோனவருக்கு ஒரு பைசா கிடையாது. பழைய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இழப்பீடு கேட்க இருந்த 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்கச் சொல்கிறது. உங்கள் கடமையிலிருந்து தவறினால் மட்டும் உங்களுக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. யார் உட்கார்ந்து எழுதினார்களோ!

கம்பிவேலி:

ஸ்மார்ட் டிவியிலும் இதே ஏற்பாடுதானா? விலை அடிமட்டத்துக்கு வந்திருப்பதைப் பார்த்தால் சந்தேகம் வருகிறது.

வைகைமணல்:

ஆமாம். ஏசிஆர் என்று பெயர். திரையில் ஓடுவதிலிருந்து சிறு சிறு மாதிரி எடுத்து அனுப்பி, எந்த நிகழ்ச்சி என்று கண்டுபிடிக்கும். எச்டிஎம்ஐயில் செட்டாப் பாக்ஸ் மாட்டிப் பார்த்தாலும் கண்டுபிடிக்கும். அமெரிக்காவில் விசியோ இதைச் சொல்லாமல் செய்து 2017இல் 22 லட்சம் டாலர் கட்டியது.

சாம்சங்கில் 'வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்று இருக்கும், அணைத்துவிடுங்கள். எல்ஜியில் அதோடு பயனர் ஒப்பந்தங்கள் பகுதிக்கும் போய், பார்த்த தகவலுக்கும் விளம்பரத்துக்கும் கொடுத்த டிக்கை எடுக்கவேண்டும். சாப்ட்வேர் அப்டேட் ஆனபின் ஒருமுறை திரும்பப் பாருங்கள், புது ஒப்பந்தம் காட்டி எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஓகே' கேட்கும்போது டிக் மறுபடி விழுந்துவிடும். யூஎஸ்பியில் படம் பார்க்கவும் கேபிளுக்கும் மட்டும்தான் டிவி என்றால் வைஃபை பாஸ்வேர்டே கொடுக்க வேண்டாம்.